நில்லாமற் கொடுக்கும் ஆயம்

சிங்கப்பூருக்குச் சென்று மீள்வோர் தாம் கண்டவற்றைக் கூறப் புகுந்தால், நீர் உமிழும் சிங்கச் சிலை, மலர்த் தோட்டங்கள், சிராங்கூன் வீதியின் பூமாலைக் கடைகள், வானளாவிய மாடங்கள் என்று வரிசையாகச் சொல்லுவர். நாமும் அவற்றைக் கண்டோம். ஆயினும், 2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் அந்நகரிலே தங்கிய ஏழு நாட்களுள் ஒரு முழுக் காலைப்பொழுதை, எண்ணெய் மணக்கும் ஒரு மோட்டார்க் கராஜிலே, பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து கழித்தோம். திரும்பி வந்தபின் எம் நினைவில் முந்தி நிற்பது அந்தக் காலைப்பொழுதே.

நாம் தங்கியது எமது சிறிய தந்தையார் வீட்டில். அவருடைய தகப்பனார் வட்டுக்கோட்டையிலிருந்து கப்பலேறி மலாயா றெயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். அக்காலத்தில் அவ்வாறு சென்ற யாழ்ப்பாணத்தார் பலர் உழைத்து ஓய்வுபெற்று, ஊர் திரும்பிக் கல்வீடு கட்டி, ‘மலாயாப் பென்சனியர்’ என்று பெயர் வாங்கினர். இவர் தகப்பனார் திரும்பவில்லை. சித்தப்பா 1945 இல் சிங்கப்பூரிலே பிறந்து, அங்கேயே படித்து, துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வந்தது மூன்று முறையோ நான்கு முறையோதான். எனினும் அவர் பேச்சிலே எமது பாட்டனார் காலத்து யாழ்ப்பாணம் வாடாமல் இருக்கிறது. நாமே மறந்துவிட்ட சொற்களை அவரிடம் கேட்டு மகிழ்ந்தோம்.

அவரும் சின்னம்மாவும் அங் மோ கியோ என்னும் பகுதியில், அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி ஒன்றில் வசிக்கின்றனர். அவரிடம் ஒரு சிறிய யப்பானியக் கார் உண்டு. ‘கார் உண்டு’ என்று நாம் எளிதாக எழுதிவிட்டோம். சிங்கப்பூரிலே கார் வைத்திருப்பது எம்மூரிலே யானை கட்டித் தீனி போடுவதற்கு ஒப்பானது. வண்டியின் விலை ஒருபுறமிருக்க, அதை வைத்திருக்கும் உரிமைக்கென்றே ஏலத்திலே தனியாகப் பணம் கட்டவேண்டும். 1990 இல் தொடங்கிய இம்முறையின்படி ஓர் உரிமைச் சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு. 2023 ஒக்டோபரில், சிறிய கார்களுக்குரிய சான்றிதழின் விலைகூட ஓர் இலட்சம் சிங்கப்பூர் டொலரைத் தாண்டியது. 10 ஆண்டு முடிந்தபின், அன்றைய சராசரி விலையைக் கட்டி இன்னுமொரு 10 ஆண்டுக்கு நீட்டலாம். அல்லது அதிற் பாதியைக் கட்டி 5 ஆண்டுக்கு நீட்டலாம். 5 ஆண்டுக்கு நீட்டியவர் மறுபடியும் நீட்ட முடியாது. காலம் முடிந்ததும் வண்டி பதிவிலிருந்து நீங்கிவிடும்.

சித்தப்பாவின் கார் 2012 இல் பதிவானது. 2022 இல் அதை 5 ஆண்டுக்கு நீட்டினார். எனவே 2027 இல் அதன் கதை முடியும். கார் முடியும்போது அவருக்கு வயது 82 ஆகும். இதைக் கணக்கிட்டே நீட்டியதாக அவர் சொன்னார். துறைமுகத்துக் கணக்கர் அல்லவா!

இந்த நிலையிலேதான், வண்டியிலுள்ள பழைய கட்டணக் கருவியை நீக்கிப் புதியதைப் பொருத்திக்கொள்ளும்படி நிலப் போக்குவரத்து ஆணையத்திடமிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது. அழைத்த காலத்துக்குள் சென்றால் அதற்குப் பணம் இல்லை. ஆயினும் அக்கடிதம் அவ்வீட்டில் ஒரு பெரிய வழக்கைக் கிளப்பிவிட்டது. மகன் வேறோரிடத்தில் வசிப்பவர். அவர் தொலைபேசியிலே, “இன்னும் இரண்டு வருஷத்துக்காக ஏன் அப்பா இந்தக் கரைச்சல்? இப்பவே காரைக் குடுத்துப்போட்டு டாக்சியிலே போங்கோ. அம்மாவுக்கும் சுகம், எங்களுக்கும் பயமில்லை” என்றார். எண்பது வயதிலே தகப்பனார் விரைவுச்சாலையில் கார் ஓட்டுவது மகனுக்கு நெஞ்சிடியாக இருப்பது இயல்பே. மருத்துவர் பரிசோதித்துக் கொடுத்த சான்று சித்தப்பாவிடம் இருக்கிறது. ஆனால் மகனுடைய பயத்துக்கு மருத்துவச் சான்று மருந்தாகுமா?

சித்தப்பா அதிகம் பேசவில்லை. “உன்ர அம்மாவுக்கு மருந்தேத்தி முடிய எழும்பி நிக்க அரை மணித்தியாலம் செல்லும். டாக்சிக்காரன் நிப்பானோ?” என்று மாத்திரம் கேட்டார். பிறகு எம்மைப் பார்த்து, “தம்பி, நாளைக்குக் காலமை என்னோட வாரும்” என்றார்.

வாசகர் பொருட்டு இக்கருவி யாதென்று சிறிது சொல்லவேண்டும். எமது நாட்டிலே 2011 இல் தெற்கு அதிவேகப் பாதை திறந்தபோது, கொட்டாவையில் நுழைந்து சீட்டு வாங்கி, இறங்கும் இடத்திலே வண்டியை நிறுத்திப் பணம் கட்டியது பலருக்கு நினைவிருக்கும். அது வீதி அமைத்த செலவுக்கான ஆயம். சிங்கப்பூரில் வாங்குவது அதுவன்று. “இது றோட்டுக்குக் காசில்லைத் தம்பி, நேரத்துக்குக் காசு” என்று சித்தப்பா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். நெரிசலான வேளையில் நெரிசலான வழியாலே செல்பவர் பணம் கொடுக்கவேண்டும். அதே வழியால் விடியற்காலையிலே சென்றால் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையும் இலவசம். கட்டணம் அரைமணிக்கு அரைமணி மாறும். விரைவுச்சாலைகளில் வண்டிகள் மணிக்கு 45 முதல் 65 கிலோமீற்றர் வேகத்திலும், நகரத்து வீதிகளில் 20 முதல் 30 கிலோமீற்றர் வேகத்திலும் ஓடுகின்றனவா என்று அதிகாரிகள் அளந்து பார்க்கின்றனர். வேகம் அதற்குக் கீழே போனால் விலை ஏறும். மேலே போனால் விலை இறங்கும். நாம் படிப்பிக்கும் பொருளியற் பாடப்புத்தகத்திலே கேள்வி, நிரம்பல் என்று கோடு கீறிக் காட்டுவதை அந்நகரத்தார் தார் வீதியிலே கீறி வைத்திருக்கிறார்கள்.

வீதிக்குக் குறுக்கே உயர்ந்த இரும்பு வளைவு ஒன்று நிற்கும். வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிய சிறு பெட்டிக்குள்ளே பணம் நிரப்பிய அட்டை ஒன்று செருகியிருக்கும். வண்டி வளைவின் கீழே ஓடும்போதே வளைவிலுள்ள கருவி பெட்டியோடு வானொலி அலையிலே பேசிப் பணத்தைக் கழித்துவிடும். பெட்டி ‘பீப்’ என்று ஒரு சத்தம் போடும். அட்டையிலே பணம் போதாவிட்டால் வளைவிலுள்ள படக்கருவி வண்டியின் எண் பலகையைப் படம் பிடித்துவிடும். வீட்டுக்குக் கடிதம் வரும். யாரும் நிற்பதில்லை, யாரும் கை நீட்டுவதில்லை. 1998 ஏப்ரல் முதலாந் திகதி கிழக்குக் கடற்கரை விரைவுச்சாலையிலே தொடங்கிய இம்முறை, அவ்வருடம் செப்டெம்பரிலே நகரின் நடுப்பகுதிக்கும் வந்தது. இலண்டன் மாநகர் நெரிசற் கட்டணம் அறவிடத் தொடங்கியது அதற்கு ஐந்து ஆண்டு பிந்தி, 2003 இலேதான்.

மறுநாட் காலை சின் மிங் என்னும் இடத்திலுள்ள கராஜ் ஒன்றுக்குச் சென்றோம். அது முழுவதும் மோட்டார்த் தொழிலாளரின் உலகம். எமக்கு முன்னே நான்கு வண்டிகள் நின்றன. மலாய் இளைஞர் ஒருவர் வந்து சித்தப்பாவை ‘அங்கிள்’ என்று விளித்து, புதிய கருவியின் பாகங்களை மேசைமீது பரப்பிக் காட்டினார். பழையது ஒரே பெட்டி; புதியது மூன்று துண்டு. டாஷ்போர்டின் மேலே வைக்கும் அலைவாங்கி ஒன்று. தொட்டால் இயங்கும் சிறு திரை ஒன்று. இவற்றுக்கு மூளையாக உள்ள பெட்டி ஒன்று. அட்டை செருகுவது அந்தப் பெட்டியிலே. அதை முன்னிருக்கைப் பயணியின் கால்மாட்டிலே, டாஷ்போர்டுக்குக் கீழே பொருத்துவது வழக்கம்.

சித்தப்பா உடனே முகம் சுளித்தார். “அங்கேதானே அவள் கால் வைப்பாள்? முழங்கால் மடிக்கேலாத மனுஷி” என்றார் எம்மிடம். பிறகு அதையே ஆங்கிலத்திலே இளைஞரிடம் சொன்னார். இளைஞர் பொறுமையாக விளக்கினார்: இந்நாட்டு வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு அடுப்புப்போலச் சுடும், மேலே வைத்தால் பெட்டிக்குள் உள்ளவை தாங்கா, அதனாலேதான் மூளையைக் குளிர்ச்சியான கீழ்ப்புறத்தில் வைக்கிறார்கள். மூன்று துண்டாக்கியதை அந்நாட்டு மக்கள் பலரும் முதலிலே குறை கூறினார்களாம். எமக்கும் அக்குறை நியாயமாகவே பட்டது. ஆயினும் இளைஞர் விளக்கத்தோடு நிற்கவில்லை. முன்னிருக்கையிலே தாமே ஏறி அமர்ந்து, காலை நீட்டியும் மடக்கியும் பார்த்து, பெட்டியை இயன்றவரை மேலே தூக்கி ஓரமாக வைத்துத் தருவதாகச் சொன்னார். சித்தப்பாவையும் ஏறி இருந்து பார்க்கச் சொன்னார். சித்தப்பா சின்னம்மாவைப்போலக் கால் நீட்டி அமர்ந்து பார்த்த காட்சி இன்றும் எம் கண்முன் நிற்கிறது.

அடுத்தது திரை. அது கட்டாயமன்று, வேண்டாதவர் கைத்தொலைபேசியிலே பார்த்துக்கொள்ளலாம். முதல்நாள் இரவே சின்னம்மா, “காசு போறதைக் காட்டிற கண்ணாடி எங்களுக்கு வேண்டாம்” என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். சித்தப்பாவோ, “கண் தெரியாத வயசிலே கைத்தொலைபேசியை எங்கே தேடிறது? திரையைப் பூட்டும்” என்று இளைஞருக்கு உத்தரவு கொடுத்துவிட்டார்.

வேலை முடிய மூன்று மணித்தியாலம் வரையில் செல்லும் என்றனர். அருகே ஒரு கோப்பிக்கடை. அங்கே அமர்ந்தபோதுதான் சித்தப்பா 1975 ஆம் ஆண்டின் கதையைச் சொன்னார். எமக்கு இச்செலவின் பெரும் பேறு அக்கதையே.

அந்த ஆண்டு யூன் 2 ஆந் திகதி நகரின் நடுப்பகுதியைச் சுற்றி எல்லை கட்டினர். காலை 7.30 முதல் அந்த எல்லைக்குள்ளே காரோடு புகுவோர் 3 டொலர் கொடுத்து ஒரு கடதாசி அனுமதிச் சீட்டு வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டவேண்டும். தபாற் கந்தோரிலும், வீதியோரத்துச் சிறு கூடங்களிலும் சீட்டு விற்றார்கள். மின்னும் இல்லை, அலையும் இல்லை. எல்லையிலே அமர்ந்திருந்த கண்காணிப்பாளர் ஓடும் வண்டிகளைக் கண்ணாலே பார்த்து, சீட்டில்லாத வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்வர். அவ்வளவுதான். ஆனால் ஒரு சலுகை இருந்தது. ஒரு காரிலே நான்கு பேரோ அதற்கு மேலோ இருந்தால் சீட்டு வேண்டியதில்லை.

“அப்ப எனக்கு முப்பது வயசு. ஒரு பழைய மொறிஸ் மைனர். மாதம் அறுபது டொலர் சீட்டுக்குக் குடுக்க எனக்கு என்ன விசரே? பஸ் தரிப்பிலே போய் நிப்பாட்டினால் மூன்று பேர் ஓடிவந்து ஏறுவினம். அவைக்குப் பஸ் காசு மிச்சம்; எனக்கு மூன்று டொலர் மிச்சம்” என்றார்.

அவர் ஒருவர் மட்டுமன்று. நகரத்துக்கு வேலைக்குச் சென்ற கார்க்காரர் பலரும் அவ்வாறே பஸ் தரிப்புகளில் ஆளேற்றினர். அறியாத மனிதரை ஏற்றியவர்கள் நாளடைவிலே அறிந்த மனிதரை ஏற்றினர். சித்தப்பாவின் காரிலே வழக்கமாக ஏறியவர்கள் வங்கியொன்றில் வேலைசெய்த சீனப் பெண் ஒருவர், தபாற் பகுதியைச் சேர்ந்த மலாய்க்காரர் ஒருவர், தையற்கடை வைத்திருந்த தஞ்சாவூர்க்காரர் ஒருவர். நால்வருக்கும் பொதுவான மொழி அரைகுறை மலாய். அந்தச் சீனப் பெண்ணின் திருமணத்துக்கு மற்ற மூவரும் சென்றார்கள். மலாய்க்காரர் இறந்தபோது சித்தப்பா சவ அடக்கத்துக்குப் போனார். 1989 இலே நான்கு பேர்ச் சலுகையை நீக்கினார்கள். அதற்கு முன்பே அந்த மொறிஸ் மைனரும் போய்விட்டது. “அதுக்குப் பிறகு என்ர காரிலே பிறத்தியார் ஆரும் ஏறினதில்லை” என்று சொல்லிக் கோப்பியைக் குடித்து முடித்தார்.

நாம் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரே சிரித்துக்கொண்டு வளைவுக் காலத்துக் கூத்தொன்றைச் சொன்னார். கட்டணம் மாறும் நேரத்தை எல்லாரும் அறிவர் அல்லவா? எனவே விலை குறைவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது வளைவுக்கு முன்னே சிலர் ஓரமாக நிறுத்திக் காத்திருப்பார்களாம். விலை ஏறுவதற்குச் சில நிமிடங்கள் இருந்தாலோ பறப்பார்களாம். இதைத் தடுப்பதற்காக, விலை பெரிதாக மாறும் வேளையின் முதல் ஐந்து நிமிடத்துக்கு இடைப்பட்ட ஒரு விலையை வைத்தனர். சித்தப்பா அப்படி நின்றதுண்டா என்று கேட்டோம். “அது இப்ப எதுக்கு?” என்றார்.

பதினொரு மணியளவில் கார் ஆயத்தமாயிற்று. பழைய பெட்டியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். முன்கண்ணாடியிலே அது ஒட்டியிருந்த இடத்தில் பசையின் சதுரத் தடம் ஒன்று எஞ்சியிருந்தது. இளைஞர் திரையை இயக்கிக் காட்டினார். கட்டண இடம் வருமுன்னே எவ்வளவு என்று திரை சொல்லும். கடந்தபின் எவ்வளவு கழிந்தது, மீதி எவ்வளவு என்று காட்டும். பாடசாலை வலயம் வந்தால் எச்சரிக்கும். முதியோர் அதிகம் நடமாடும் வலயம் வந்தாலும் எச்சரிக்கும். வீடு திரும்பும் வழியில் அப்படி ஒன்று வந்து கருவி ஒலியெழுப்பியபோது சித்தப்பா, “என்னைக் கண்டுதான் கத்துதோ?” என்றார். முன்னைய பெட்டியிலே பணம் இல்லாவிட்டால் வீட்டுக்குக் கடிதம் வந்து 10 டொலர் மேலதிகமாகவும் கட்டவேண்டியிருந்தது. இப்போது சில நாட் தவணைக்குள் தண்டமின்றிக் கட்டிவிடலாம். வண்டி நிறுத்தும் இடங்களிலும் இதுவே பணம் கொடுக்கிறது.

ஆனால் பழையதற்கும் புதியதற்கும் உள்ள பெரிய வேறுபாடு கண்ணுக்குத் தெரியாதது. பழைய பெட்டி வளைவின் கீழே வந்தால்தான் பேசும். புதியதோ செய்மதிகளைக் கேட்டுத் தான் நிற்கும் இடத்தைத் தானே அறிந்துகொள்ளும். வளைவு இல்லாத வீதியிலும் கட்டணம் அறவிட இதனால் இயலும். எவ்வளவு தூரம் ஓடினாய் என்று கணக்குப் பார்த்து அறவிடவும் இயலும். போக்குவரத்தைத் திட்டமிடுவதற்குப் பயன்படுத்தும் விபரங்களில் இன்னாரின் வண்டி என்ற அடையாளம் நீக்கப்படும் என்று அரசாங்கத்தார் சொல்லுகின்றனர். சித்தப்பாவுக்கு இதிலே சிறு கலக்கமும் இல்லை. “உம்முடைய சட்டைப் பையிலே இருக்கிற தொலைபேசிக்குத் தெரியாததோ இதுக்குத் தெரியப்போகுது?” என்றார்.

எமக்கோ அவ்வளவு எளிதாக மனம் ஆறவில்லை. அதற்குக் காரணம் சிங்கப்பூரிலே இல்லை. அன்று விரைவுச்சாலையிலே வளைவொன்று தொலைவிற் தெரிந்தவுடன் எம் வலக்கை தானாகச் சட்டைப் பைக்குச் சென்றது. அங்கே தடவியது எதை என்று எம்மூர் வாசகருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை, அடையாள அட்டையைத்தான். 2002 இல் ஏ-9 வீதி திறந்தபின், 2006 ஓகஸ்டில் அது மீண்டும் மூடப்படும்வரை, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போனவர்கள் முகமாலையிலும் ஓமந்தையிலும் இறங்கி, வரிசையில் நின்று, பொதி அவிழ்த்து, பெயரும் ஊரும் போகும் காரணமும் சொல்லி, ஆயமும் கொடுத்துப் போனார்கள். அப்போது நாம் பல்கலைக்கழகத்து மாணவர். வீதியிலே குறுக்கே ஒன்று நின்றால் அது எம்மை நிறுத்தும் என்றே எம் உடம்பு படித்துவைத்திருக்கிறது. இங்கே அது நிறுத்தவில்லை. மணிக்கு எழுபது கிலோமீற்றர் வேகத்திலே அதன் கீழே போய்விட்டோம். போனபின்னும் கை பையிலேயே இருந்தது. நிறுத்திக் கேட்பவனுடைய முகத்தையாவது நாம் பார்க்கிறோம்; நில்லாமல் எம்மை அறிந்துகொள்வதற்கு முகமே இல்லையே என்றும் தோன்றியது. சித்தப்பாவுக்கு இதை எப்படி விளக்குவது? சும்மா இருந்துவிட்டோம்.

அதற்கடுத்த இரண்டாம் நாள் சின்னம்மாவுக்கு ஆஸ்பத்திரி நாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவுட்ராம் பகுதியிலுள்ள பொது ஆஸ்பத்திரிக்குச் சென்று மருந்தேற்ற வேண்டும். வரச்சொல்லும் நேரம் ஒன்பது மணி. ஆயினும் அவர்கள் வீட்டிலிருந்து புறப்படுவது ஆறே காலுக்கு. மத்திய விரைவுச்சாலையில் நகரத்தை நோக்கிய பக்கத்திலே கட்டணம் தொடங்குமுன் கடந்துவிட வேண்டும் என்பது சித்தப்பாவின் கணக்கு. ஏழு மணிக்கு முன்னே போய்ச் சேர்ந்து, இரண்டு மணித்தியாலம் ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச்சாலையிலே சின்னம்மா காத்திருப்பார். மிச்சமாவது சில டொலர். நேரத்துக்குக் காசு என்றாரே சித்தப்பா. இந்த இரண்டு மணித்தியாலம் யாருடைய கணக்கிலே எழுதப்படுகிறது என்று கேட்க எமக்கு வாய் வந்தது. விருந்தாளி ஆகையால் கேட்கவில்லை.

அன்று நாமும் கூடச் செல்ல ஆறு மணிக்கே ஆயத்தமானோம். சித்தப்பா அறையிலிருந்து வெளியே வந்து விரலை வாயில் வைத்தார். சின்னம்மா இரவு முழுவதும் நோவாலே உறங்காமல் விடியற்புறத்திலேதான் கண்ணயர்ந்திருந்தார். சித்தப்பா கதிரையிலே அமர்ந்து மணிக்கூட்டைப் பார்த்தார், ஆறேகால் கடந்தது, ஏழும் கடந்தது. அவர் எழுந்து சென்று எழுப்பவில்லை. ஏழரைக்குச் சின்னம்மா தாமே விழித்துப் பதறிக்கொண்டு வந்தார். “ஒரு அவசரமும் இல்லை. தேத்தண்ணி குடி” என்றார் சித்தப்பா.

எட்டு மணிக்குக் காரிலே ஏறினோம். சின்னம்மா முன்னிருக்கையில் அமர்ந்து, காலாலே புதிய பெட்டியைத் தேடினார், அது தட்டவில்லை. மலாய் இளைஞரை மனத்துள் வாழ்த்தினோம். பின்பு சின்னம்மா கைப்பையைத் திறந்து ஒரு லேஞ்சியை எடுத்து, நான்காக மடித்திருந்ததை விரித்து, அந்தச் சிறு திரையின்மேலே போட்டு மூடினார். சித்தப்பா திரும்பிப் பார்த்தார், எடுக்கவில்லை.

விரைவுச்சாலை நிறைந்திருந்தது. நின்று நின்று போகும் எமது கொழும்பு வீதிகள் போலன்று; நிறைந்தும் ஓடிக்கொண்டிருந்தது. வளைவு வந்தது. லேஞ்சியின் கீழே கருவி ஒருமுறை ஒலித்தது. எவ்வளவு கழிந்தது என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. எம் கை இம்முறை சட்டைப் பைக்குப் போகவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தோம்.

ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் இருக்க ஆஸ்பத்திரியை அடைந்தோம். காத்திருக்க நேரமே இல்லை. நேராக உள்ளே அழைத்துவிட்டார்கள். மருந்தேற்றி முடிந்து, அரை மணித்தியாலம் சாய்ந்திருந்து, நண்பகலுக்கு வெளியே வந்தபோது சின்னம்மா காருக்குப் போகும் வழியை விட்டுச் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் திரும்பினார். “பசிக்குதோ?” என்றார் சித்தப்பா.

“இல்லை. அந்த மலாய்ப் பிள்ளை இண்டைக்கு என்னைக் காணேல்லையெண்டு தேடியிருப்பாள். ஒவ்வொருமுறையும் ஏழு மணிக்கு எனக்கெண்டு சீனி போடாத தேத்தண்ணி எடுத்து வைச்சிருப்பாள். அவளின்ர மூத்தவன் சோதினை எழுதினவன். என்ன பாடெண்டு கேக்கவேணும்.”

அந்தப் பெண் மதிய வேலையாட்களிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டிருந்தாள். சின்னம்மா சிறிது நேரம் அந்த மேசையண்டை நின்றார். பிறகு சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவாறே, “அடுத்த முறை ஆறேகாலுக்கே வெளிக்கிடுவம்” என்றார்.